என்னைப் பற்றிய ஃபைலை நான் பார்க்கலாமா?

அரசாங்கம் நம் கைப்பேசிக்குள் எட்டிப் பார்க்கலாமா, கூடாதா? கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் முன்பெல்லாம் பஞ்சப்படி, மூட்டு வலி இரண்டைப் பற்றித்தான் பேச்சு. இப்போது இந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலிடம் எங்களுக்குத் தெரிந்த ஓய்வூதியக்காரர் ஒருவர் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டார். அதிலிருந்து பேச்சு சூடாகிவிட்டது.

எங்களில் ஒருவர் காவல் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கட்சி எளிமையானது.

“திருடன் முகத்தை மூடிக்கிட்டு வர்றான். அவன் எந்த ஊர்ல உட்கார்ந்து பேசறான்னு தெரியலைன்னா போலீஸ் யாரைப் பிடிக்கும்? பார்த்துட்டுப் போகட்டுமே! மறைக்க உன்கிட்ட என்னப்பா இருக்கு? உன் பென்ஷன் எவ்வளவுன்னு எனக்கே தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றது. இருக்கும் இடம் தெரியாமல் இணையத்தைப் பயன்படுத்த உதவும் விபிஎன் நிறுவனங்கள், வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலான விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. திருடனைத் தேட இது உதவலாம். ஆனால் திருடன் அல்லாதவர்களின் விவரமும் அதே பெட்டியில்தான் கிடக்கும். சில வெளிநாட்டு நிறுவனங்கள் இதற்கு உடன்படாமல் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களையே எடுத்துவிட்டன.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் ஃபைல்களோடு வாழ்ந்தவன். அரசாங்கத்திடம் நம்மைப் பற்றித் தாள் இருப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். பிறப்புப் பதிவு இல்லாமல் பள்ளிக்கூடம் ஏது? சர்வீஸ் புக் இல்லாமல் பென்ஷன் ஏது? எனக்குப் பயமெல்லாம் வேறு வகை ஃபைலைப் பற்றி.

கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் என்றால் பழைய ஊழியர்களுக்குப் புரியும். ஆண்டுதோறும் மேலதிகாரி நம்மைப் பற்றி எழுதி வைப்பார். மோசமாக எழுதினால் மட்டும் நமக்குத் தெரிவிப்பார்கள். ‘நன்று’ என்று எழுதினால் தெரிவிக்க மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இரண்டு முறை பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. காரணம் அவருக்குத் தெரியாது; சாமிக்குத்தம் என்றுகூட நினைத்துக்கொண்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும். அவருக்கு ஓர் ஆண்டில் வெறும் ‘நன்று’ விழுந்திருந்தது. எழுதிய அதிகாரி அந்தப் பிரிவில் இருந்ததே நான்கு மாதம்தான். இது தெரிந்தபோது நண்பர் ஓய்வு பெற எட்டு மாதமே இருந்தது. “கெட்டவன்னு எழுதியிருந்தா பதில் எழுதிப் போட்டிருப்பேன். நல்லவன்னு எழுதி வயித்துல அடிச்சிட்டாங்களே!” என்றார். அவருடைய பென்ஷன் கடைசி வரை குறைவாகவே இருந்தது.

2008-ல் தேவ் தத் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரிப்போர்ட்டில் எழுதும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்போது என் நண்பர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இணையத் தனியுரிமை என்று இன்று பேசுவதும் எனக்கு இதே விஷயமாகத்தான் படுகிறது. அன்று ஆண்டுக்கு ஒரு தாள். இன்று யாரிடம் பேசினோம், எங்கே போனோம், எந்த மருந்து வாங்கினோம் என்று நிமிடத்துக்கு ஒரு தாள் சேர்கிறது. அதை யார் எடுத்துப் படித்தார், என்ன முடிவுக்கு வந்தார் என்பது நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பதில் எழுதிப் போடுவது?

நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பதால் அந்த நாட்டுச் சங்கதி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1974 மார்ச்சில் லெ மோந்த் நாளிதழ் ‘சஃபாரி’ என்ற அரசுத் திட்டத்தை அம்பலப்படுத்தியது. பல அலுவலகங்களில் தனித்தனியாகக் கிடந்த கோப்புகளை, ஒரே அடையாள எண்ணைக் கொண்டு கணினியில் இணைப்பதுதான் திட்டம். ‘சஃபாரி அல்லது பிரெஞ்சுக்காரர்களின் வேட்டை’ என்று பத்திரிகை தலைப்பிலேயே போட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, திட்டம் கைவிடப்பட்டது. 1978 ஜனவரி 6-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நாடாளுமன்ற உறுப்பினர்களும் நீதிபதிகளும் இடம்பெற்ற ‘க்னில்’ என்ற தனி ஆணையம் அமைந்தது. நம்மைப் பற்றி இருக்கும் கோப்பைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் மக்களுக்கு உரிமை கிடைத்தது.

நாட்டுப் பாதுகாப்பு ஃபைலை நாமே பார்க்க முடியாது, சரி. அதற்கும் அந்தச் சட்டம் வழி வைத்தது. ஆணையத்தில் உள்ள நீதிபதி ஒருவர் நமக்காகப் போய்ப் பார்ப்பார். பிரான்சில் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. 2015-ல் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் அங்கேயும் உளவுத் துறைக்கு அதிகாரத்தைக் கூட்டினார்கள். ஆனாலும் பிரதமர் அனுமதி தருமுன் ஒரு தனி ஆணையத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

நம் நாட்டில்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, சாதாரணமாக உள்துறைச் செயலர் கையெழுத்துப் போட்டால் ஒருவருடைய கணினித் தகவலைப் பார்க்கலாம். பிறகு வேறு செயலர்கள் அடங்கிய குழு அதைச் சரிபார்க்கும். நீதிபதிக்கு அங்கே வேலை இல்லை. பார்க்கப்பட்டவருக்குக் காரியம் முடிந்த பிறகும் தகவல் போவதில்லை.

அதே சட்டத்தில் 66-ஏ என்ற பிரிவு இருந்தது ஞாபகம் இருக்கும். 2012-ல் ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காக நம் ஊர்க்காரர் ஒருவரையே அந்தப் பிரிவில் கைது செய்தார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த வழக்கைப் போட்டவர் கே.எஸ். புட்டசாமி, ஓய்வு பெற்ற நீதிபதி. தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது தொண்ணூறுக்கு மேல். நம்மைப் போன்ற கிழங்களும் காரியம் செய்யலாம்!

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் விவரத்தைக் கேட்டுப் பெறவும் திருத்தவும் உரிமை தருகிறது. அதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்துகிறார்கள். ஆனால் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. கண்காணிக்கும் வாரியத்தை நியமிப்பதும் மத்திய அரசுதான்.

இதையெல்லாம் இன்ஸ்பெக்டர் நண்பரிடம் சொன்னேன். “கோர்ட்டுக்கு அலைஞ்சு முடிக்கறதுக்குள்ள பணம் நாலு பேங்க் தாண்டிடும்ப்பா” என்றார். பணத்தை நிறுத்த 1930 என்ற எண் இருக்கிறது. புகார் வந்ததும் வங்கியில் நிறுத்தி வைக்கிறார்கள். அதற்கு என் கடிதத்தையோ உன் கடிதத்தையோ யாரும் படிக்க வேண்டியதில்லையே என்றேன். “திருடனுக்கு முன்கூட்டியே சொல்லணுமா?” என்றார். முன்கூட்டி வேண்டாம். வழக்கு முடிந்த பிறகு, குற்றம் இல்லை என்று ஆனவருக்கு ஒரு தாள் அனுப்பினால் போதும். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இன்ன காரணத்துக்காக உங்கள் தகவலைப் பார்த்தோம்’ என்று.

அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. “பார்க்கலாம்” என்றார். நான் கேட்பதும் பெரிய சலுகை ஒன்றும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் சாதாரண ஃபைலை எடுத்தால்கூட யார் எடுத்தது, என்றைக்கு, எதற்கு என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் ஃபைலைக் கொடுக்க எந்த குமாஸ்தாவுக்கும் துணிச்சல் வராது. அந்தப் பதிவேட்டை நாளைக்கு ஒரு நீதிபதி புரட்டிப் பார்க்க முடிய வேண்டும். அவ்வளவுதான்.