மணிலாவிலிருந்து வந்த மாதா

வெள்ளக்கடை என்ற ஊரை நேயர்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? ஏற்காட்டுக்குப் போய் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் ஸீட் பாறையில் நின்று சேலத்து விளக்குகளை வேடிக்கை பார்த்து, ஒரு பொட்டலம் மிளகு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். சேர்வராயன் மலையின் மடிப்புகளில் அதுவும் ஒன்று. நெட்டையான சில்வர் ஓக் மரங்கள். அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள். கீழே நிழலில் காப்பிச் செடிகள். நாம் போனது ஜனவரி மாதம். செடிகளில் பழம் செக்கச் செவேலென்று குலுங்கிக்கொண்டிருந்தது. காலையில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகத் தோட்டத்துக்குள் இறங்குவதைப் பார்த்தால், நாம் வீட்டில் டம்ளரில் ஆற்றிக் குடிக்கிற காப்பி கொஞ்சம் கனமாகத்தான் தோன்றும்.

பழைய கத்தோலிக்க ஆலயங்களையும் யாத்திரை ஸ்தலங்களையும் பார்த்து எழுதுவதற்காகப் புறப்பட்டவள், காப்பித் தோட்டத்தில் என்ன செய்கிறாள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலையில் காப்பியைப் பயிராக்கியவர். தோட்டத்துக்குப் பின்னால் துரைமார்கள் வந்தார்கள். துரைமார்களுக்குப் பின்னால் ஆலயங்களும் பள்ளிகளும் வந்தன. 1894-ல் திரு இருதயக் கன்னியர் மடத்துப் பள்ளி. 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. மலைமேல் சிலுவை காப்பியோடு சேர்ந்து ஏறியது என்று சொன்னால் பெரிய தவறில்லை. மூடுபனிக்குள் மணிக்கூண்டு தெரியும்போது கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரைப் பெயர்த்து வைத்தாற்போலவும் இருக்கிறது.

மலையடிவாரத்துக் கதை இதைவிட இருநூறு ஆண்டு பழையது; விசித்திரமானதும்கூட. 1623-ம் ஆண்டு, காவி உடுத்து, மாமிசம் தவிர்த்து, சந்நியாசியாக வாழ்ந்த ஓர் இத்தாலியர் மதுரையிலிருந்து வடக்கே நடந்து சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். ராபர்ட் தெ நொபிலி என்பது பெற்றோர் இட்ட பெயர். தமிழ்நாடு அவரைத் தத்துவ போதகர் என்று அறியும். அந்நிய நாட்டுப் பழக்கத்தைத் திணிக்காமல் இந்த நாட்டாரைப்போலவே வாழ்ந்து தம் மதத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. இதற்காக அவர்மேல் புகார் எழுதியவர்கள் வேறு யாருமில்லை, அவருடைய சபைக்காரர்களே! விசாரணை பல ஆண்டு நடந்தது. 1623 ஜனவரியில் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில்தான் இந்தப் பக்கம் யாத்திரை. சேந்தமங்கலத்து ஆட்சியை இழந்து சேலத்தில் அடைக்கலமாக இருந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் 1625-ல் ஞானஸ்நானம் பெற்றார்.

சேலத்தில் இன்று பார்க்கக் கிடைப்பது குழந்தை இயேசு பேராலயம். 1930-ல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. பெரிய, சுத்தமான, கூட்டம் நிறைந்த ஆலயம். அதைத் தொழுதுவிட்டு நாம் கிழக்கே திரும்பினோம். ஏனென்றால் தத்துவ போதகர் தொடங்கிய காரியத்தை அழகாக முடித்துக் காட்டிய இன்னோர் இத்தாலியரின் ஊர், விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிறது. அதுதான் கோணாங்குப்பம்.

சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலத்துக்கு ரயில் பாதை உண்டு, பஸ்ஸும் உண்டு. நாம் ஏறிய பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் இரண்டு பெண்கள். ஒருவருக்கு அறுபது வயது இருக்கும், மற்றவளுக்கு இருபத்தைந்துக்குள். பேச்சுக் கொடுத்தபோது வெள்ளக்கடைப் பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்கள் என்று தெரிந்தது. மாமியாரும் மருமகளும். இருவர் நெற்றியிலும் குங்குமம். மடியில் மஞ்சள் துணிப் பை. அதற்குள் ஒரு சேலை.

"எங்கேம்மா போகிறீர்கள்?" என்றேன்.

"கோணாங்குப்பத்து மாதாவுக்குத்தான், கண்ணு. நாளைக்குத் தேரு."

"பழம் பறிக்கிற காலமாயிற்றே?"

"ரெண்டு நாள் கூலி போகுது. போகட்டும். அவ தேரு காப்பி பழுக்கறப்பதானே வருது, அவளைத் தள்ளி வெக்கச் சொல்ல முடியுமா?"

மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் மேலே கேட்கவில்லை.

விருத்தாசலத்தில் இறங்கியதும் பழமலைநாதர் கோயிலை ஒரு முறை எட்டிப் பார்த்தோம். இது கத்தோலிக்க யாத்திரைக் கட்டுரைதானே என்று நேயர்கள் கோபிக்க வேண்டாம். இங்கே கோயில் கொண்டிருக்கும் அம்பாளின் பெயர் விருத்தாம்பிகை. அழகிய தமிழில் பெரியநாயகி. சில கல் தூரத்தில் கோணாங்குப்பத்தில் இருக்கும் மாதாவின் பெயரும் பெரியநாயகி! அந்தப் பெயரை மாதாவுக்குச் சூட்டியவருக்கு அக்கம்பக்கம் தெரியாமலா இருந்திருக்கும்?

சூட்டியவர் கான்ஸ்டன்ஸோ ஜோசப் பெஸ்கி. 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1711-ல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். முதலில் தைரியநாதர் என்று பெயர், பிறகு வீரமாமுனிவர். தேம்பாவணி பாடியவர். சூசையப்பரை 'வளன்' என்று தமிழ்ப்படுத்தி, 3,615 விருத்தங்களில் காவியம் செய்தார். சதுரகராதி என்ற அகராதி தந்தார். பரமார்த்த குருவும் அவருடைய அசட்டுச் சீடர்களும் அவர் தந்த சொத்துத்தான்; நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அது போதும்.

இப்போது மாதாவின் கதைக்கு வருவோம். வீரமாமுனிவர் காலத்தில் ஆலயங்களில் இருந்த மாதா சுரூபங்கள் ஐரோப்பியச் சாயலில்தான் இருந்தன. நீண்ட அங்கி, முக்காடு, வெளிநாட்டு முகம். முனிவருக்கு அது திருப்தி தரவில்லை. தமிழ்ப் பெண் போலப் புடவை உடுத்து, கையில் குழந்தை ஏந்திய ஒரு தாயைப் படமாக எழுதச் செய்து, அதைக் கடல் கடந்து பிலிப்பைன்ஸ் தேசத்து மணிலாவுக்கு அனுப்பி, அங்கே சுரூபம் செய்வித்து வரவழைத்தார் என்கிறது ஆலய வரலாறு.

மணிலாவா! மயிலாப்பூரில் சிற்பி இல்லையா என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் மணிலா நமக்கு அவ்வளவு தூரமில்லை. ஸ்பானியர் ஆண்ட அந்த நகரத்தில் சுரூபம் கடைவது பெரிய தொழில். அதில் கைதேர்ந்தவர்கள் அங்கே குடியேறிய சீனர்கள். சென்னைப் பட்டணத்துத் துணிகள் கப்பல் கப்பலாக அங்கே போயின. அந்த வியாபாரத்தில் பொருள் சேர்த்த ஆர்மீனியர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான்தான் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டியவர். பரங்கிமலை உச்சிக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. மணிலாவுக்கு அருகே ஆண்டிபோலோ என்ற ஊரில் ஒரு மாதா இருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரர்கள் கும்பல் கும்பலாக யாத்திரை போகும் ஸ்தலம். அந்தச் சுரூபம் 1626-ல் மெக்ஸிகோவிலிருந்து கப்பலேறி வந்தது. அங்கிருந்து ஒரு மாதா இங்கே வந்ததில் ஆச்சரியம் என்ன? ஆச்சரியமெல்லாம், தமிழச்சியை நேரில் கண்டிராத ஒரு கை அவளைச் செதுக்கியது என்பதுதான்.

இந்தச் சுரூபம் கோணாங்குப்பத்தில் நிலைத்ததற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். அந்தக் காட்டு வழியே நடந்த முனிவர் களைத்து ஒரு மரத்தடியில் உறங்கிவிட்டார். மாடு மேய்க்கும் சிறுவர்கள் அவருடைய பையிலிருந்த மாதாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள். விழித்த முனிவர் தேடிப் பார்த்து, கிடைக்காமல் வருத்தத்தோடு போய்விட்டார். பிறகு பிள்ளையில்லாத முகாசாபரூர்க் கச்சிராயரின் கனவில் மாதா தோன்றி, "நான் இருக்கும் இடத்தில் கோயில் கட்டு, உனக்குப் பிள்ளை பிறக்கும்" என்றாளாம். கோயிலும் எழுந்தது, பிள்ளையும் பிறந்தது. இது செவிவழிச் செய்தி. ஆனால் இதனால்தான் இன்றும் இந்த ஆலயத்துக்கு வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வேண்டுதலோடு வருகிறார்கள்.

தேர்த் திருவிழா ஜனவரி 23. நாம் போனபோது வழியெல்லாம் கடைகள்: பொரி, கரும்பு, மெழுகுவத்தி, சின்னச் சின்ன மரத் தொட்டில். மாதாவுக்குப் பட்டுப்புடவை. அதை அவள் உடுத்தியிருக்கிற விதத்தைப் பெண்ணாகப் பிறந்தவள் நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கொசுவம், தலைப்பு எதிலும் குறை சொல்ல முடியாது. ஆலயத்துக்குள் ரோமாபுரி நினைவு வரவில்லை. மங்கள காரியத்துக்குப் புறப்பட்டு நிற்கிற நம் வீட்டுப் பெரியவளின் நினைவுதான் வந்தது.

கூட்டத்தில் பஸ் சிநேகிதிகளை மறுபடி கண்டேன். பையிலிருந்த சேலை காணிக்கையாகிவிட்டது. தொட்டில் வாங்கவில்லையா என்று, பக்கத்தில் நின்ற ஒரு மாமி அந்தப் பெண்ணிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள். நம் பெண்களுக்கு இந்தக் கேள்வி மட்டும் நாக்கு நுனியிலேயே இருக்கிறது! பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார்தான் பதில் சொன்னார்:

"தொட்டில் கட்ட வரலீங்க. ரெண்டு பிள்ளை பொறந்து பொறந்து போயிருச்சு. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கிறா. இவளுக்குத் தூக்கம் வரணும்னு வேண்டிக்கத்தான் கூட்டியாந்தேன். பிள்ளை அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த மாமி சட்டென்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

சற்றுப் பொறுத்து அந்தப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, பேனா இருக்குதா?" என்றாள். பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் நான்கு வரி எழுதி மடித்தாள். எட்டிப் பார்க்கக்கூடாதுதான், முதல் வார்த்தை மட்டும் கண்ணில் பட்டுவிட்டது: 'மாதாவே'. அந்த 'வே' இருக்கிறதே, அதன் இரட்டைக் கொம்பும் வீரமாமுனிவர் உபயம். அவருக்கு முன்னால் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக் காட்ட, குறில் எழுத்தின்மேல் ஒரு புள்ளிதான் வைப்பார்கள். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் பலர் புள்ளியே வைப்பதில்லை. எது குறில், எது நெடில் என்று படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் முனிவர்.

கோணாங்குப்பத்திலிருந்து தெற்கே அரியலூரைக் கடந்து, திருமானூரில் பிரிந்தால் ஏலாக்குறிச்சி. கொள்ளிடக் கரை ஊர். இதற்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, கலம்பகமும் பாடினார் முனிவர். இங்கே மாதாவுக்கு அடைக்கல மாதா என்று திருநாமம். துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவர்களுக்குப் புகலிடமாக இருந்த ஊர் என்பதால் அந்தப் பெயர். அரியலூர் ஜமீன்தார் ரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்து எந்த வைத்தியத்துக்கும் அடங்காதபோது, முனிவர் இந்த மண்ணையும் தண்ணீரையும் குழைத்துப் பூசிக் குணமாக்கினார் என்றும், மழவராயர் நன்றியாக நிலம் விட்டார் என்றும் சொல்கிறார்கள். இன்றும் பெண்கள் சிறு பாட்டிலில் தண்ணீரும் முந்தானையில் ஒரு பிடி மண்ணும் முடிந்துகொண்டு போகிறார்கள். ஆற்றங்கரைக் காற்றும் அமைதியும் இங்கே கோணாங்குப்பத்தைவிட அதிகம். அவசரப்படாமல் ஒரு பகல் முழுதும் இருக்கத்தக்க இடம்.

கொள்ளிடத்துக்குத் தென்புறம் திருக்காட்டுப்பள்ளி அருகே பூண்டி. இதுவும் முனிவர் தொடர்பு சொல்லும் ஆலயம். 1999-ல் பேராலய அந்தஸ்து பெற்றது. கட்டடம் பெரியது, வசதிகள் அதிகம், சனிக்கிழமைகளில் கூட்டமும் அதிகம். வேளாங்கண்ணியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பூண்டியோடு நாம் திரும்பிவிட்டோம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோணாங்குப்பத்தில் தேரன்று இரவு தங்க இடம் கிடைப்பது கஷ்டம்; விருத்தாசலத்தில் அறை எடுத்துக்கொள்வது நல்லது. குழந்தைகளை அழைத்துப் போனால் கம்பளி அவசியம். தை மாதத்துப் பனி அந்த வெட்டவெளியில் நன்றாகவே இறங்குகிறது. கூட்டம் இல்லாமல் நிதானமாகத் தரிசிக்க விரும்புகிறவர்கள் சாதாரண நாளில் காலைப் பூசைக்குப் பிறகு போகலாம். மாதாவின் புடவைக் கொசுவத்தைக் கிட்டத்தில் பார்க்க முடிவதும் அப்போதுதான்.