இரும்பை எவ்வளவு அமுக்கலாம்?

பர்மிங்ஹாமின் பிராட் ஸ்ட்ரீட்டில், கால்வாய்க்கு மேலே டிராம் ஓடும் ஒரு பாலம். அங்கே 2019ல் ஒரு பெஞ்ச் வைத்தார்கள். அதில் நான்கு இசைக் கலைஞர்களின் முகங்கள். 'பிளாக் சாபத்' பாலம் என்று பெயர் சூட்டியதும் அப்போதுதான். 2025 ஜூலை 30 அன்று பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் இறுதி ஊர்வலம் இங்கே நின்றபோது, பூக்கள் குவிந்து கிடந்தன. தொழிற்சாலைப் புகையில் வளர்ந்த ஊர் ஒரு கலைஞனுக்கு இப்படி அழுதது இங்கிலாந்துக்கே வியப்பு.

நால்வரும் ஊரின் வடபுறத்து ஆஸ்டனில் வளர்ந்தவர்கள். ரயிலில் சில நிமிடங்கள்தான். ஒரு காலத்தில் பட்டறைகளும் வார்ப்பகங்களும் இரைந்துகொண்டிருந்த பகுதி. டோனி அயோமிக்கு 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை. வேலையை விடும் கடைசி நாளில் இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். மெல்லிய தந்திகளைக் கட்டினார். 1971ல் சுருதியையும் மூன்று அரைச் சுரம் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலிக்கு இந்த விபத்துக்கும் பங்கு உண்டு.

அந்த ஒலியை ரெக்கார்டில் அடைப்பது எப்படி என்பதில்தான் இன்றைய மிக்ஸிங் அறைகளில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கம்ப்ரஷர் என்பது சத்தத்துக்குப் போடும் கடிவாளம். வைத்த எல்லையை ஒலி 8 டெசிபல் தாண்டினால், நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அதை 2 டெசிபலாகக் குறைக்கும். பாடகரின் குரலுக்கு இது தேவை. டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான கிடாருக்கும் தேவை. ஆனால் ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகி அலற வைத்த கிடாரில் ஒலி அலையின் தலை ஏற்கெனவே தட்டையாகியிருக்கும். மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் பெரிய வித்தியாசம் இராது. தட்டி முடித்த தகட்டை மறுபடி தட்டினால் என்ன ஆகும்? இரைச்சல்தான் மேலே வரும். தந்தியில் பிளெக்ட்ரம் படும் அந்த முதல் வெட்டு மழுங்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியில் லேசாக வைத்து 'டக் டக்' என்று அடிக்கும்போது 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான கீழ் ஒலி மட்டும் திடீரென்று உப்பும். விவரமானவர்கள் மல்ட்டிபேண்ட் கம்ப்ரஷரை அந்தப் பட்டையில் மட்டும் ஓட்டுவார்கள். மற்றதைத் தொடமாட்டார்கள்.

சாபத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபர் 16ல் லண்டனில் ஒரே நாளில், நாலு டிராக் இயந்திரத்தில் பதிவானது. ஒலிப்பதிவாளர் டாம் ஆலம். மழை, மணியோசை, பிறகு தலையில் விழும் கிடார். முந்தியது மெல்ல ஒலித்ததால்தான் பிந்தியது இடித்தது. இதே ஆலம்தான் 1980ல் இந்த வட்டாரத்தின் இன்னொரு குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட்டுக்கு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' தயாரித்துக் கொடுத்தவர்.

பிந்தைய தலைமுறைக்கு அந்தப் பொறுமை இல்லை. அடுத்தவன் ஆல்பத்தைவிடச் சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டியில் முழு மிக்ஸையுமே நசுக்கினார்கள். 2008ல் மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது ரசிகர்களே கொதித்தார்கள். ஒரு வீடியோ கேமில் இருந்த அதே பாடல்கள் அவ்வளவு அமுக்கப்படாமல் தெளிவாக ஒலித்ததுதான் வேடிக்கை. மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்குக் காது இருக்காது என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

அதே மெட்டாலிக்கா 2025 ஜூலை 5ல் ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்துக்கு வந்து சாபத் பாடல்களை வாசித்தது. ஆஸியின் கடைசி மேடை அது. நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே பாடினார். பக்கத்தில் 77 வயது அயோமி, அதே இரண்டு விரல்களில் உறை மாட்டிக்கொண்டு.