கழித்துப் போடும் பசளை

கண்ணாடித் தொட்டிக்குள் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போனதும் கேட்பது, எந்தப் பசளை நல்லது என்றுதான். யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய்த் தொட்டி பராமரிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் அதற்கு உடனே பதில் வராது. "உங்கட கிணத்துக்குப் பக்கத்தில தோட்டம் இருக்கோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் இந்தக் குடாநாட்டின் நிலத்தடி நீர்க் கதை பாதி அடங்கியிருப்பதை, அப்படியொரு இளைஞனோடு உரும்பிராய்ப் பக்கம் போனபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்டவுள்ள வண்ணமீன் கடையொன்றில் வேலை பழகியவர் அவர். இப்போது சொந்தமாகச் செய்கிறார். மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் வாளிகள், தோளில் சுருட்டிய குழாய், பைக்குள் நீட்டு இடுக்கி, வளைந்த கத்தரி, தண்ணீர் சோதிக்கும் துளிமருந்துப் பெட்டி. கூடவே ஒரு பற்றரி வோட்டர் போத்தல். அது எதற்கென்று பிறகு தெரிந்தது.

நாங்கள் போன வீட்டு விறாந்தையில் 100 லீற்றர் தொட்டி. கரும்பச்சையும் மண்ணிறமுமாகக் கிரிப்டோகொரைன் செடிகள் முன்பக்கத்தில் அடர்ந்து நின்றன. பின்னால் வலிஸ்னேரியா நீர்மட்டம் வரை நீண்டு மடிந்து கிடந்தது. ஊடே கப்பி மீன்கள். வீட்டுக்கார அக்கா தேத்தண்ணி வைக்க உள்ளே போக, அவர் நைத்திரேற்றுச் சோதனைக்கு இரண்டு குழாய்களைக் கழுவினார். ஒன்றில் தொட்டித் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர். முதல் மருந்தை விட்டுக் குலுக்கினார். இரண்டாவது போத்தலைத் திறக்கும் முன் அதையே நெடுநேரம் அடித்துக் குலுக்கினார். அடியில் படியும் மருந்து கலங்காவிட்டால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்றார். பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்தோம்.

தொட்டித் தண்ணீர் செம்மஞ்சளில் நின்றுவிட்டது. கிணற்றுத் தண்ணீர் இரத்தச் சிவப்பு. ஓரளவுக்கு மேல் போனால் எல்லாச் சிவப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்குத்தான் பற்றரி வோட்டர்: கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த அந்தத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து மறுபடி சோதித்து, வந்த எண்ணை நான்கால் பெருக்கினார். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றைத் தாண்டியிருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை அந்த 50தான். செடித் தொட்டிக்கு 10 முதல் 30 வரை இருந்தாலே தாராளம்.

"இந்த வீட்டில நான் நைதரசன் போடுறேல்ல அண்ணை. கிழமைக்கொருக்காப் பாதித் தண்ணி மாத்திறன். அதுதான் பசளை."

உலகமெங்கும் தொட்டிக்காரர்கள் நைத்திரேற்றைக் குறைப்பதற்காகத் தண்ணீர் மாற்றுகிறார்கள். அமெரிக்காவின் டொம் பார் பரப்பிய முறையில் கிழமை முழுதும் பசளையைத் தாராளமாக விட்டு, கடைசியில் பாதித் தண்ணீரை மாற்றி மிச்சத்தைக் கழுவுவார்கள். இங்கே, தோட்டங்களுக்கு நடுவேயுள்ள வீடுகளில், அது தலைகீழாகிவிட்டது. புதுத் தண்ணீரோடு சத்து வருகிறது. செடிகள் அதைத் தின்று தண்ணீரைத் துப்புரவாக்குகின்றன.

காரணம் காலுக்குக் கீழேயே இருக்கிறது. குடாநாடு மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான் உண்டு. மழை நீர் கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் இறங்கி, உப்பு நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. அந்த நல்ல தண்ணீரைத்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் இறைக்கிறோம். செம்பாட்டு மண் தண்ணீரைத் தடுத்து வைப்பதில்லை. வேர் எடுத்தது போக மிஞ்சிய நைத்திரேற்று, இறைப்போடும் மாரி மழையோடும் அதே கிணற்றுக்குத் திரும்பி வருகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அளவு எல்லை மீறியிருப்பதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மலசலகூடக் குழிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

அக்கா தேத்தண்ணியோடு வந்தபோது அவர் சிவந்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "பேத்திக்கு எந்தத் தண்ணியில அக்கா மா கரைக்கிறியள்?"

"கொதிக்க வைச்சு ஆத்தின தண்ணிதான் தம்பி."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிற அளவுக்கு அது இன்னும் செறியும். புட்டிப்பால் குடிக்கும் பிஞ்சுக் குழந்தைகளின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். அவர் பயமுறுத்தவில்லை. குழந்தைக்கு மட்டும் வேறு தண்ணீர் எடுங்கோ, கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கோ என்றார். 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் அளவில் கட்டப்பட்டது. அந்தக் குழாய் நீர் எல்லாப் படலைக்கும் வந்து சேரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மீன்தொட்டி பார்க்க வந்தவர் ஒரு கைக்குழந்தையின் பாலைப் பற்றி விசாரித்தது எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது.

பிறகு வேலை தொடங்கியது. குழாயை வாயால் உறிஞ்சாமல், நீருக்குள் முழுதாக அமிழ்த்தி நிரப்பி, விரலால் அடைத்து வாளிக்கு இறக்கினார். சரளைக் கல்லை ஆழக் கிளறவில்லை. மேலே கிடந்த மீன் கழிவை மட்டும் எடுத்தார். சரளைக்கு அடியில் இருப்பது கடையில் வாங்கிய மண் அல்ல, இந்த ஊர்ச் செம்பாடுதான். அரித்துக் கழுவி இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பியிருக்கிறார்.

இந்தச் செம்பாட்டு விசயம்தான் அவருடைய தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது. சுண்ணாம்புத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அதில் இரும்பு கரைந்து நிற்காது. போத்தலில் வரும் இரும்புப் பசளையில் ஈடிடிஏ என்ற பிடிப்பான் இருந்தால் இந்தத் தண்ணீரில் அது விரைவில் கையை விட்டுவிடும். டிடிபிஏ கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஈடிடிஎச்ஏ இன்னும் உறுதி, ஆனால் தண்ணீரைச் சிவப்பாக்கும். இரும்பு கிடைக்காத செடியின் இளம் இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செம்பாட்டின் சிவப்போ இரும்பொட்சைட்டுத்தான். காற்றுப்படும் இடத்தில் அது எளிதில் கரையாது. சரளைக்கு அடியில் ஒட்சிசன் இல்லாத இருட்டில் அதன் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. வேர் அங்கேயே போய் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999இல் எழுதிய நூலுக்குப் பிறகு, தோட்ட மண்ணைத் தொட்டிக்கு அடியில் இடுவது பல நாடுகளில் பரவியது. எங்களுக்கு அந்த மண் வளவிலேயே கிடக்கிறது.

அவர் தொட்டிக்கு விட்டது பொற்றாசியம் சல்பேற்று மட்டும். 100 லீற்றருக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகம் கரைத்தால் லீற்றருக்கு 10 மில்லிகிராம் பொற்றாசியம் கூடும். பொசுபரசு மீன் சாப்பாட்டிலிருந்தே வந்துவிடுகிறது. லைட் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எரியக்கூடாது, யன்னல் வெயில் படக்கூடாது. இரண்டையும் மீறினால் பாசி பிடிக்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் நீர்மட்டத்துக்கு மேலே சின்ன மின்விசிறி. அதனால் ஆவியாகும் தண்ணீருக்குக் கிணற்று நீரை விட்டால் சுண்ணாம்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால், மாரியில் பிடித்து வைத்த மழைநீரால் ஈடுசெய்கிறார்.

முன்னால் நின்ற கிரிப்டோகொரைன் வென்டியையும் பெக்கெட்டியையும் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இரண்டும் இலங்கைக்கே உரியவை. நாட்டின் ஓடைகளில் பிறந்து உலகத் தொட்டிகளுக்கெல்லாம் போனவை. மென்னீர்ச் செடி யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பில் வாழுமா என்று சிலர் தயங்குகிறார்கள். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துச் சான் மார்கோஸ் ஆறும் சுண்ணாம்புக்கல் ஊற்றுகளில் பிறக்கும் ஆறுதான். 1990களில் அதில் தப்பிப் பரவிய பெக்கெட்டி அங்கேயே வளரும் காட்டு அரிசிச் செடிக்கு ஆபத்தாகி, அதைப் பிடுங்கி ஒழிக்கப் பெரும்பாடு பட்டார்கள். ஆகவே வாழும், கத்தரித்த துண்டைக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசவேண்டாம். நட்ட புதிதில் இலை கூழாகிக் கரைவதைப் பார்த்துச் செடி செத்துவிட்டதாக எறிகிறவர்களும் உண்டு. அவர் அப்படியொன்றை இடுக்கியால் மெல்ல இழுத்துக் காட்டினார். இலையே இல்லை, வேர் வெள்ளையாக, விறைப்பாக மண்ணைப் பிடித்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

வாளித் தண்ணீரை வாழைக்கு ஊற்றப் போனபோது வேலிக்கு அப்பால் வெங்காயப் பாத்தியில் நின்ற பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, உது மீனுக்கு மருந்தோ?" சோதனையைக் கேட்டதும் தன் தோட்டக் கிணற்றிலிருந்து சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியா இங்கு வராத காலத்தைச் சொன்னார்: பனையோலையைத் தாட்டும் ஆட்டுப்பட்டி அடைத்தும் பயிர் செய்ததை, 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது திரும்பவும் அல்லாடியதை. பசளை குறைந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பயம் நியாயமானது. தோட்டக்காரரைக் குற்றவாளியாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அவருடைய தண்ணீரும் சிவந்தது. இளைஞர் கணக்கைப் போட்டார். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்றால் அதில் நைதரசன் 11 மில்லிகிராமுக்கு மேல். ஒரு இலட்சம் லீற்றர் இறைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் நைதரசன்; யூரியாவாகப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. "நீங்கள் இறைக்கேக்கையே பசளை போடுறியள் ஐயா. அதைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைப் போட்டாக் காணும். நான் தொட்டிக்கு அப்பிடித்தான் செய்யிறன்."

பெரியவர் குழாயை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இந்த முறை மேற்பசளையைக் குறைச்சுப் பாக்கட்டோ?"

"முழுத் தோட்டத்திலயும் வேண்டாம் ஐயா. விவசாயப் போதனாசிரியரிட்டத் தண்ணியைக் காட்டிக் கேளுங்கோ. ரெண்டு பாத்தியில மட்டும் குறைச்சுப் பாருங்கோ, மற்றதுகள் வழமைபோல நிக்கட்டும்."

எந்த இரண்டு பாத்தி என்று இருவரும் வேலியோரம் நின்று பேசத் தொடங்கினார்கள். கிணற்றுக்கு மிகக் கிட்ட இருந்த இரண்டையும் பெரியவர் காட்டினார்.