ஊதலும் கயிறும்

காவலரின் தோளைச் சுற்றி வந்து சட்டைப் பைக்குள் மறையும் பின்னற் கயிற்றை வெறும் அழகுப் பொருள் என்று எண்ணுவோர் பலர். அதன் நுனியில் ஊதல் ஒன்று கோக்கப்பட்டிருக்கும். 'விசில்' என்று மக்கள் வழங்கும் அச்சிறு கருவி, வேண்டிய நொடியில் கைக்கு அகப்படாவிட்டால் பயன் யாது?

இதனை நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்தவர்கள் கடலோடிகள். பாய்மரக் கப்பலில், புயலின் இரைச்சலுக்கு நடுவே மனிதக் குரல் எடுபடாது. ஆதலின் பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளை ஏவும் தலைவன் வளைந்த சிறு குழல் ஒன்றை வைத்திருந்தான். விரல்களை மூடியும் திறந்தும் அவன் எழுப்பும் ஒலி வேறுபாடுகளே கட்டளைகள். பாய்மரத்தின் உச்சியில் இருப்பவனும் அவற்றை அறிந்து நடப்பான். குழலோ கழுத்துச் சங்கிலியிலோ கயிற்றிலோ தொங்கும். அலை மோதிக் கப்பல் தள்ளாடும்போது இரு கைகளாலும் எதையேனும் பற்றிக்கொள்ள வேண்டுமன்றோ? கைவிட்ட குழல் அப்போது கடலில் விழாது, மார்பிலேயே கிடக்கும்.

1912 ஏப்ரல் 15ஆம் நாள், பொழுது விடியுமுன் 'டைட்டானிக்' கப்பல் மூழ்கியது. 1,500 பேர்க்கு மேல் மாண்டனர். கப்பலின் இரண்டாம் அதிகாரியான லைட்டோலர், கவிழ்ந்து மிதந்த படகொன்றின் அடிப்புறத்தில் ஏறிக்கொண்டார். அவருடன் ஏறத்தாழ 30 பேர் கடுங்குளிரில் அதன்மீது நின்றனர். படகு மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. பொழுது புலரும் வேளையில் வேறு படகுகள் தெரிந்தன. லைட்டோலர் தம்மிடமிருந்த ஊதலை எடுத்து ஊதினார். ஒலி கேட்டு வந்த இரு படகுகள், எஞ்சியிருந்தோரை ஏற்றிக்கொண்டன.

நீரில் விறைத்த விரல்களால் பையைத் துழாவி ஒரு பொருளை எடுப்பது அரிது. அன்று அவரிடம் ஊதல் தங்கியது நற்பேறே. இக்காலத்தில் அதனை நற்பேற்றுக்கு விட்டுவிடுவதில்லை. கப்பலில் வைக்கும் உயிர்காப்பு அங்கி ஒவ்வொன்றிலும் ஊதல் ஒன்று கயிற்றால் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. கூவிக் கூவித் தொண்டை கம்மிப்போனவனுக்கும் ஊதுவதற்குச் சிறிது மூச்சு எஞ்சியிருக்கும்.

ஆயினும், கழுத்தில் மாட்டும் கயிற்றில் ஓர் இடர் உண்டு. ஓடும் பொறியிலோ மரக்கிளையிலோ சிக்கினால், காக்க வந்த கயிறே உயிருக்கு உலை வைத்துவிடும். அதனால் இன்றைய கழுத்துக் கயிறுகள் பலவற்றில் பிடரிப் பக்கத்தில் சிறு இணைப்பு ஒன்று இருக்கிறது. வலிந்து இழுத்தால் அது தானே கழன்றுவிடும்.