நானூறு கிலோவைத் தாங்கும் நாலு கால்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அவருக்கு வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அப்படிப்பட்ட மூன்று ஞாயிறுகளை ஒரு மர ஸ்டாண்டுக்காகக் கொடுத்தார்.

மகளுக்கு மீன் வளர்க்க ஆசை. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்தில் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார்:

“ஏனுங்க, தண்ணி ஊத்துனா இது எவ்வளவு கனம் இருக்கும்? மாடி வீடுங்க. கீழ ஓனரம்மா குடியிருக்காங்க.”

நியாயமான கேள்வி. தொட்டியின் கொள்ளளவு 12 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 340 லிட்டர், அதாவது 340 கிலோ. கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். ஆறு பெரியவர்கள் ஒரே இடத்தில் இரவும் பகலும் நிற்பதுபோல.

கட்டட இன்ஜினீயர் ஒருவரை அழைத்துக் காட்டினார். “நடு ஹாலில் வேண்டாம். பீமுக்கு மேலே, சுவரோரமாக வையுங்கள்” என்றார் அவர். ஓனரம்மாவிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கியாயிற்று.

அடுத்து மரம். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிகளின் கட்டைகள் பழைய மரக்கடையில் கிடைத்தன. அவற்றில் முத்திரை பார்த்து எடுக்க வேண்டும். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அது வீட்டுக்கு வேண்டாம்.

பக்கத்துத் தெரு ஆசாரி ஒரே ஒரு பாடம் சொன்னார்: “ஆணிய நம்பாதீங்க தம்பி. கட்டை மேல கட்டை உக்காரோணும்.”

அதாவது, மேல்சட்டம் கால்களின் தலைமீதே அமர வேண்டும். பக்கவாட்டில் ஸ்குரூ போட்டுத் தொங்கவிட்டால் மொத்த எடையையும் ஸ்குரூவே சுமக்கும். 3 இன்ச் கட்டையில் கால்கள், மேலே 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். பின்புறம் முழுக்க ஒரு ப்ளைவுட் பலகை. சட்டம் பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பது அந்தப் பலகைதான். தண்ணீர் சிந்தும் என்பதால் இரண்டு கோட் வார்னிஷ்.

ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் விரித்தார். சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் கண்ணாடியில் ஓரிடத்தில் அழுத்தம் விழாது. முதல் நாள் பாதித் தண்ணீர்தான். மறுநாள் மீண்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே மீதி.

“எப்பப்பா மீன் விடுவோம்?” என்று மகள் தினமும் கேட்டாள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வளரச் சில வாரம் ஆகும். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த நாட்களில்தான் அவள் நொய்யலைப் பற்றிக் கேட்டாள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் ஆறு அது. சாயக்கழிவு அதைக் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணையிலும் அந்தக் கழிவுதான் தேங்கியது. கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தன் சம்பளமும் சாயம் ஏறிய அதே துணியிலிருந்துதான் வருகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நான்காவது வாரம் ஐந்து மீன்கள் வந்தன. முதலில் பார்க்க மேலே ஏறி வந்தவர் ஓனரம்மா.