கடலில்லாத பட்டணம்

மனிதருடைய ஆசைகளை அறிய வேண்டுமானால் அவர்கள் ஊர்களுக்கு இட்டிருக்கும் பெயர்களைப் பார்த்தாலே போதும். சேலம் நகருக்குக் கிழக்கே 10 கிலோமீட்டருக்குள் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் அயோத்தியாப்பட்டணம். அங்கே சரயு நதி ஓடவில்லை. கிழக்குக் கடற்கரையோ 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. ஆத்தூர் மார்க்கமாகச் சென்னைக்கும், மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்கும் போகிற பிரயாணிகள் எத்தனையோ பேர் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். இறங்கி நடந்து பார்த்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சிலரோடு சேர்ந்துவிடுவது என்று நாமும் சென்னை நண்பர் ஒருவரும் தீர்மானித்தோம். சேலம் நம் இருவருக்குமே புதிய ஊர். "பஸ்ஸில் அரை மணியில் போய்விடலாமே!" என்று தங்கியிருந்த இடத்தில் சொன்னார்கள். அரை மணியில் போய்ச் சேர்ந்துவிட்டால் பாக்கிப் பொழுதை என்ன செய்வது என்பது நண்பருடைய கேள்வி. ஆகவே, வைகாசி மாதத்து விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன் கோட்டைப் பகுதியிலிருந்து கால்நடையாகவே கிளம்பினோம்.

கோட்டை என்று பெயரே தவிர, கோட்டையைக் காணோம். அழகிரிநாதப் பெருமாள் சந்நிதியில் மாத்திரம் பழைய காலம் இன்னும் குடியிருக்கிறது. அருகே திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தின் நடுவே புகுந்து, நாமக்கல் சீமையைக் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. மணியும் முத்தும் கொழிக்கும் என்று முன்னோர் பெயரிட்டார்கள். நகரத்தின் கழிவெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, பாலத்தின் மீது நிற்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1917 முதல் 1919 வரையில் ராஜாஜி இந்த நகரசபையின் தலைவராக இருந்தார். அன்றைக்குச் சேலம் ஒரு முனிசிபாலிடி; இன்றைக்கு மாநகராட்சி. ஊர் பெரிதாக வளர்ந்த அளவுக்கு ஆற்றின் மேல் அக்கறை வளரவில்லை என்று நண்பர் வருத்தத்துடன் சொன்னார்.

கிழக்கே நடந்து அம்மாபேட்டைக்கு வந்தோம். சேலத்து வெண்பட்டு வேஷ்டி நாடறிந்த சரக்கு. கல்யாணம் நடக்கும் வீடுகளில் அதன் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சந்தில் 'டக், டக்' என்று நிதானமான ஓசை கேட்டது. திறந்திருந்த கதவருகில் நாம் தயங்கி நிற்பதைக் கண்டு, தறிக்குழியில் அமர்ந்திருந்த பெரியவர், "வெளியிலே நிக்காதீங்க, உள்ளே வந்து பாருங்க" என்று அழைத்தார்.

கால் மிதியை அழுத்துகிறது. கை நாடாவை இழுக்கிறது. பாவு இரண்டாகப் பிரிந்து ஊடைக்கு வழி விடுகிறது. கரையில் ஜரிகை சிறிது சிறிதாக ஏறுகிறது. ஒரு வேஷ்டி முடிய எத்தனை நாள் ஆகும் என்று நண்பர் கேட்டார்.

"கரையைப் பொறுத்ததுங்க. கரை சின்னதுன்னா சீக்கிரம். பெரிசுன்னா அது இழுக்கிற பக்கமெல்லாம் நாமும் போகணும்" என்றார் பெரியவர்.

"பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்களா, ஐயா?"

"பையன் பெங்களூரிலே கம்ப்யூட்டர் வேலைங்க. நல்லா இருக்கான். இந்தக் குழியிலே எங்க அப்பா இறங்கினாரு, அப்புறம் நான் இறங்கினேன். அவன் இறங்க மாட்டான். எனக்கப்புறம் மண்ணைப் போட்டு மூடிட்டா தரை சமமாயிடும்."

இதைச் சொல்லும்போது அவருடைய கை நிற்கவில்லை. அடுத்த தெருவிலிருந்து விசைத்தறிகளின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் ஒரு சட்டம் செய்தார்கள். முதலில் 22 ரகங்கள் இருந்த அந்தப் பட்டியல் பிற்பாடு 11 ஆகக் குறைந்தது. சட்டம் ரகத்தைத்தான் ஒதுக்கித் தர முடியும். குழியில் இறங்குவதற்கு ஆளை எங்கிருந்து கொண்டுவரும்? பெரியவரிடம் விடைபெற்று வெளியே வந்த பிறகு, நாம் இருவரும் வெகு தூரம் பேசாமலே நடந்தோம்.

உடையாப்பட்டியைத் தாண்டியதும் வடக்கே சேர்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. சாலையில் வண்டிகள் வரும் வேகத்தைப் பார்த்தால், நடப்பவர்கள் என்று ஒரு ஜாதி உலகத்தில் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது போலிருந்தது. ஓரத்தில் புளியமரம் வந்த இடமெல்லாம் ஒதுங்கி நின்றோம். தள்ளுவண்டிகளில் மாம்பழம் குவிந்திருந்தது. மல்கோவா, இமாம்பசந்து, செந்தூரா, கிளிமூக்கு என்று வாசனையைக் கொண்டே பெயர் சொல்லும் வித்தை இந்த ஜில்லாக்காரர்களுக்குக் கைவந்தது. "தோப்பெல்லாம் மனைக்கட்டாகுதுங்க. இருக்கிற மட்டும் சாப்பிட்டுக்குங்க" என்று சொல்லி, பழம் விற்ற அம்மாள் கத்தியால் ஒரு துண்டை அரிந்து நீட்டினாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் அம்மாபேட்டைப் பெரியவருடைய குரல் அதில் கேட்டது.

ஊரின் பெயர்ப் பலகையைக் கண்டதும் நண்பர் நின்றுவிட்டார். "பட்டணம் என்கிறார்களே, கடல் எங்கே, ஸார்?" என்றார். கடற்கரை ஊரைப் பட்டினம் என்பது பழைய வழக்கு. காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் அப்படி வந்தவை. பட்டணம் என்றால் பெரிய ஊர் என்றே பொருள். கடல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. "அப்படியானால் கடல் வழக்குத் தள்ளுபடி, அயோத்தி வழக்குத்தான் பாக்கி" என்றார் நண்பர்.

அந்த வழக்கைத் தீர்த்து வைக்கிற இடம் கோதண்டராமர் கோயில். மகாமண்டபத்தில் சிற்பத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. திருமலை நாயக்கருடையதென்று ஒரு சிலையைக் காட்டுகிறார்கள். மதுரையில் 1623 முதல் 1659 வரை ஆட்சி செய்த மன்னர், இவ்வளவு தொலைவில், தம்முடைய பெரிய அரண்மனையை விட்டுவிட்டு, கை கூப்பி நிற்கிறார். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் பழைய வர்ண ஓவியங்கள். சில இடங்களில் உருவம் தெளிவாகத் தெரிகிறது. சில இடங்களில் மங்கிப்போய், காவி நிறமும் கறுப்புக் கோடுமாகக் கழுத்து வலிக்கும் வரையில் நம்மைத் தேட வைக்கிறது.

ஸ்தல வரலாறு சொல்வது இது: இலங்கையில் ராவண சம்ஹாரம் முடிந்து அயோத்திக்குத் திரும்புகையில் ராமபிரான் இவ்விடத்தில் தங்கினார். பட்டாபிஷேகத்துக்குக் குறித்த நல்ல வேளை இங்கேயே வந்துவிட்டது. அயோத்தியோ வெகு தூரத்தில் இருக்கிறது. ஆகவே, நின்ற இடத்திலேயே முடி சூடினார். அந்த இடமே அயோத்தி ஆயிற்று.

"வால்மீகி இப்படி எழுதவில்லையே! கம்பரும் சொல்லவில்லையே!" என்றார் நண்பர்.

உண்மைதான். இருவருமே முடிசூட்டு விழாவைச் சரயு நதிக்கரையிலேதான் நடத்துகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு ஊர்கள் வால்மீகியின் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. மதுராந்தகத்தில் ஏரியைக் காக்கவும் வடுவூரில் தங்கவும் ராமரை அழைத்துக்கொண்டார்கள். சேலத்தார் முடியே சூட்டிவிட்டார்கள். தமிழர் மாத்திரமா? சயாம் தேசத்தார் 1351-ல் தலைநகரம் அமைத்தபோது அதற்கு அயோத்தியின் பெயரைத்தான் இட்டார்கள். அயுத்தயா என்பது அதுவே. ஜாவாவிலுள்ள யோக்யகர்த்தாவின் பெயரும் அயோத்தியிலிருந்து பிறந்ததாகும். அயுத்தயா நானூறு வருஷங்களுக்கு மேல் சிறந்து விளங்கி, 1767-ல் பர்மியப் படையால் அழிந்தது. சேலத்து அயோத்திக்கு அவ்வளவு பெரிய வாழ்வும் வரவில்லை. அவ்வளவு பெரிய அழிவும் வரவில்லை.

மண்டபத்து நிழலில் அமர்ந்து அந்தக் கதையை மறுபடியும் எண்ணிப் பார்த்தோம். அதில் நமக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. செய்ய வேண்டிய காரியத்துக்கு வேளை வந்துவிட்டால், தலைநகரம் போய்ச் சேரட்டும் என்று தள்ளிப் போடலாகாது. நிற்கிற இடத்திலேயே செய்துவிட வேண்டும். அன்று நடந்து வந்த வழியெல்லாம் அப்படிக் காத்துக் கிடக்கும் காரியங்களையே கண்டோம். ஆற்றைச் சுத்தம் செய்யும் வேளை வந்து எத்தனையோ காலமாகிறது. குழித்தறியின் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவரிடம் தொழிலைக் கற்றுக்கொள்வதற்கு அவர் கை ஓயும் வரையில்தான் அவகாசம். விதானத்து ஓவியங்களைப் படம் எடுத்து, துறையறிந்தவர்களைக் கொண்டு காப்பதற்கும் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்க முடியாது. இவையெல்லாம் டில்லியிலோ சென்னையிலோ யாரோ செய்ய வேண்டியவை என்று நாம் இருந்துவிட்டால், வேளை தப்பிப் போகும்.

மாலையில் ரயிலடிப் பக்கம் நடந்தோம். சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் பாதை இது. முன்பு மீட்டர் கேஜாக இருந்து 2007-ல் அகலப் பாதையாயிற்று. பிறகு, அரூர்ச் சாலை பிரியும் இடத்தில் தேநீர் குடித்தோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மூட்டையோடு வந்த குடியானவர்கள், சேலத்தில் வேலை முடிந்து திரும்பிய பெண்கள் எல்லாரும் அங்கே பஸ்ஸுக்காக நின்றார்கள். கால் வலிக்கிறதா என்று நண்பரைக் கேட்டோம். வலிக்கிறது என்பதை மறுக்காமல், "அம்மாபேட்டைக்கு நாளைக் காலையில் மறுபடியும் போக வேண்டும், ஸார். அந்தத் தறி நடப்பதைப் படம் எடுத்து, பெரியவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளலாம். என் ரயில் இரவில்தானே?" என்றார்.

நேயர்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், பெயர்ப் பலகையைக் கண்டதும் இறங்கிச் சற்று நடந்து பார்க்க வேண்டும். மாம்பழக் காலமாக இருந்தால், கையில் ஒரு பையும் கொண்டு போவது நல்லது.