படகின் வயிறு

கடலில் தேர் ஓடாது, நிலத்தில் நாவாய் ஓடாது என்று இடனறிதல் அதிகாரத்துக்கு ஆண்டுதோறும் உரை சொல்லிவரும் எனக்கு, 2023 மே மாதத்து வெள்ளிக்கிழமை மாலையொன்றில் மின்னசோட்டா மாநில நெடுஞ்சாலையில் கண்ட காட்சி வேடிக்கையாகவே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு நாவாய் எங்களைக் கடந்து நிலத்தில் ஓடிற்று. எல்லாம் டிரெய்லரின் புண்ணியம். இழுவண்டி என்று எழுத ஆசைதான். ஆனால் கல்லூரி விடுமுறையில் அண்ணன் வீட்டில் தங்கிய மூன்று வாரமும் டிரெய்லர் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை. ஆகவே அதுவே இருக்கட்டும்.

நீர்ச்சறுக்கு பிறந்த வீடு அந்த மாநிலம். மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகக் கிடக்கும் பெப்பின் என்னும் இடத்தில், 1922இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர், இரண்டு பலகைகளின் நுனியைக் கொதிநீரில் இளக்கி வளைத்து, அவற்றைக் காலில் மாட்டிக்கொண்டு, படகு இழுக்க நீரின்மேல் நின்று காட்டினார். அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் அந்த விளையாட்டுக்கென்றே தனிப் படகுகளைக் கட்டின. அண்ணனிடம் இருப்பது அப்படியொரு படகு; 1988இல் செய்யப்பட்ட ஸ்கீ நாட்டிக். பழையதாக வாங்கி இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அண்ணன் மகள் ஏழு வயதில் அதன் பின்னால்தான் முதன்முதலாக நீரின்மேல் எழுந்து நின்றாள். இன்று வேறொரு மாநிலத்தில் கல்லூரியில் படிக்கிறாள்.

படகுக்கு ஒன்றும் இல்லை. டிரெய்லர்தான் செத்துப்போயிருந்தது. அதன் சட்டம் பெட்டிக்குழாய் இரும்பு. வெளியே வண்ணம் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே தேங்கிய ஏரிநீர் முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தின்றுவந்திருக்கிறது. அச்சுக்கு அருகில் அண்ணன் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த அண்ணி இரண்டே கேள்விகள் கேட்டார். "இது ரோட்டுல கழண்டு பின்னால வர்ற கார்மேல விழுந்தா என்ன செய்வீங்க? படகை வச்சுக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?"

இரண்டாவது கேள்விதான் கடினமானது. புதிய டிரெய்லர் செய்து தருபவர் கேட்ட தொகை, படகை விற்றால் கிடைக்கும் தொகையில் முக்கால் பங்கு. குதிரையின் விலைக்குச் சேணம் வாங்குவதா என்று அண்ணி கேட்டதில் நியாயம் இருந்தது. விற்பதென்றால் மலிவாக ஏதோவொன்றில் ஏற்றி அனுப்பிவிடலாம். வைத்துக்கொள்வதென்றால் பொருத்தமானது வேண்டும். அண்ணன் வாயால் பதில் சொல்லவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு படகின் அடியில் படுத்துவிட்டார்.

நானும் படுத்துப் பார்த்தேன். பத்தொன்பது அடிப் படகுக்குப் பத்தொன்பது அடி டிரெய்லர் என்று கடையில் சொல்லிவிடுவார்கள். நீளம் பார்த்து வாங்குவது சட்டைக்கு உயரம் மட்டும் பார்ப்பது போன்றது. மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பின்புறம் தொங்கும். கரையேறும்போது அதைத் தூக்கிவிடலாம். ஸ்கீ படகுக்கு எஞ்சின் நடுவயிற்றில். அங்கிருந்து ஒரு தண்டு படகின் அடியைத் துளைத்துச் சாய்வாக இறங்கி, புரொப்பெல்லரில் முடிகிறது. அதற்குப் பின்னால் சுக்கான். நடுக்கோட்டில், மீனின் துடுப்புப் போல, படகை நேராக ஓடவைக்கும் உலோகத் தகடுகள். இவற்றில் எதையும் தூக்க முடியாது. டிரெய்லரின் குறுக்குச்சட்டங்கள் இவற்றுக்கு வழிவிட்டுத் தாழ வளைந்திருக்க வேண்டும். நேர்ச்சட்டம் கொண்ட டிரெய்லர்மேல் ஏற்றினால் முதல் நாளே தகடு வளையும், அல்லது தண்டு கோணும்.

அடுத்தது படகு எதன்மேல் படுத்திருக்கிறது என்பது. உருளைகள் வைத்த டிரெய்லரில் படகு வழுக்கிக்கொண்டு ஏறும். ஆனால் முழுப் பாரமும் சில புள்ளிகளில் விழும். இத்தகைய படகுக்குக் கம்பளம் போர்த்திய நீண்ட மரக்கட்டைகளே தகும். பங்க் என்கிறார்கள். அந்தக் கட்டைகள் படகின் பின்விளிம்பு வரை தாங்க வேண்டும். அரை அடி குறைந்தாலும் பின்பகுதி ஆதரவின்றி நிற்க, ஆண்டுக்கணக்கில் அடித்தளம் மெல்ல உட்குழிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிவு, ஓடும் படகின் மூக்கைக் கீழே அழுத்தி, பின்னெழும் அலையையும் கெடுக்கும். அந்த அலை தாழ்வாகவும் மென்மையாகவும் இருப்பதற்காகத்தானே இப்படகையே விரும்பி வாங்குகிறார்கள்! 1980களின் படகுகளில் கண்ணாடியிழைக்குள் பொதிந்த மர உத்திரங்கள் உண்டு. அவை ஈரம் குடித்து இளகியிருந்தால் கட்டைகளின் இடம் இன்னும் முக்கியமாகிறது. ஆண்டில் முந்நூறு நாள் படகு நீரில் இல்லை, இந்தக் கட்டிலில்தான் கிடக்கிறது.

எடைக்கணக்கு அண்ணி போட்டது. படகு 2,500 பவுண்டு. முப்பது காலன் பெட்ரோல் ஏறக்குறைய 180. மின்கலம், நங்கூரம், சறுக்குப் பலகைகள் என்று ஓர் 200. டிரெய்லரின் சொந்த எடை 900. கூட்டினால் 3,800க்குக் கொஞ்சம் குறைவு. ஒற்றை அச்சு வண்டிகள் பலவற்றின் தாங்குதிறன் 3,500. படகின் எடையை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறும் இடம் இதுதான். "நீங்க பாடம் நடத்துறீங்களே, மயிலிறகு ஏத்தின வண்டி" என்று அண்ணி நினைவூட்டினார். உண்மையில் அங்கே பேசப்படுவது இறகு அல்ல, அச்சு.

அந்த எடைக்குச் சட்டப்படியே பிரேக் வேண்டும். அதன் ஏற்பாடு என்னைக் கவர்ந்தது. காரிலிருந்து டிரெய்லருக்குப் பிரேக் கம்பி எதுவும் போவதில்லை. கார் வேகம் குறைந்ததும் பின்னாலிருந்து டிரெய்லர் முட்டுகிறது. அந்த முட்டலே கொக்கியிலுள்ள உருளையை அமுக்கி, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களைப் பிடிக்கிறது. நம்மூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தின் கூடவே உயிரைப் பணயம் வைத்து நடப்பார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து தந்த பின்னும் முட்டுக்கட்டைகள் போய்விடவில்லை. இங்கே பாரமே தனக்கு முட்டுக்கட்டை. பின்னோக்கி ஓட்டும்போதும் முட்டல் உண்டாகும் என்பதால் அப்போது பிரேக்கை விலக்கிவைக்க ஓர் ஏற்பாடும் தேவை. அதை மறந்தால் படகுத்துறையில் வண்டி நகராது. பின்னால் காத்திருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். எல்லா நாட்டிலும் ஹாரனின் பொருள் ஒன்றே.

இவ்வளவும் தெரிந்த பின் தேடல் சுருங்கிவிட்டது. நாகம் பூசிய புதிய டிரெய்லரே என் விருப்பம். அதன் சட்டம் திறந்த வாய்க்கால் வடிவம். கழுவலாம், துருவைக் கண்ணால் காணலாம். உப்புநீர் அல்லவே, ஏரிக்கு வண்ணம் போதும் என்றார் அண்ணன். அவர் கண்டுபிடித்தது நூறு மைல் தள்ளி ஒரு பண்ணைக் கொட்டகையில் இருந்தது. அதே அச்சில் வார்த்த, ஓராண்டு மூத்த படகுக்குச் செய்த டிரெய்லர். அந்தப் படகின் எஞ்சினில் குளிர்காலத்துக்கு முன் நீரை வடிக்காமல் விட்டதால், பனிக்கட்டி விரிந்து பிளாக் பிளந்துவிட்டதாம். கொட்டகையில் நின்றதால் சட்டம் மழை காணவில்லை. அண்ணன் ஒவ்வோர் அடிக்கும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டார், மண்பானை வாங்குகிறவர் போல.

பேரம் முடிந்துவரும் வழியில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "ஜூலை நாலுக்கு வர்றேன்பா. போட் தண்ணியில இருக்குமா?" அண்ணன் "இருக்கும்" என்றார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நடந்தது வெறும் வேலை. பிரேக், பேரிங், கட்டைகள், கம்பளம் எல்லாம் புதிது. ஓடிச் சூடான சக்கரக்குடம் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை இழுக்கும் என்பதால், கிரீஸை உள்ளே அழுத்திவைக்கும் மூடிகளும் வாங்கினார். டயர்களில் பூ தேயவே இல்லை. ஆனாலும் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தார். முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். அவை பன்னிரண்டு வயது டயர்கள். செலவு மொத்தமாகப் புதியதன் விலையில் பாதிக்குச் சற்று மேல் வந்தது.

பழைய சட்டத்தைப் பழைய இரும்பு எடுப்பவர் வந்து ஏற்றிச் சென்றார். அதிலிருந்த விஞ்ச்சை மட்டும் அண்ணன் முன்பே கழற்றிவைத்துவிட்டார். அது இன்னும் நன்றாகச் சுற்றுகிறது.